கேஸ்தான் என்று சொன்னாயே

இன்று காலை ஒரு காரின் முன்கதவைத் திறந்தேன். நல்லெண்ணெயும் ஈரக் கார்ப்பெட்டும் ஏசி காற்றில் பாதி காய்ந்த துண்டும் சேர்ந்த அந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. சாரல் மாதங்களில் குற்றாலத்திலிருந்து மேலகரம் வழியாக இறங்குகிற எந்தக் காரைத் திறந்தாலும் வருகிற வாடைதான். நம் இரண்டு பேருக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால் இன்று அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கார்க்காரர் மேல் இல்லை. உன் மேல்.

நீ போய் ஒரு சாரல் முடிந்து அடுத்த சாரலும் வந்துவிட்டது. நாள் ஆக ஆக ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. உன் பேச்சை எடுக்கிறவர்கள் எல்லோரும் தங்கமான மனிதர், ஒளிவுமறைவு இல்லாத ஆள், பொய் சொல்லத் தெரியாதவர் என்கிறார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். வாயைத் திறந்தால் உன்னை ஏசிவிடுவேன். செத்தவனைப் போய் ஏசுகிறான் பார் என்று ஊர் பேசும். அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே ஏசினால் கேட்க உன்னைத் தவிர ஆள் கிடையாது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கே இருந்தாலும் அதைத்தான் நீ முதலில் கேட்பாய்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொட்டிருப்பார், நல்ல உடம்பு. குடும்பத்தோடு அருவிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார். கார் ஓடிக்கொண்டே இருக்கும்போது மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் மொத்தமாக எரிகிறதாம். பிரேக் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு, இன்ஜின் விளக்கு என்று கோயில் கொடை விழாவுக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி. வேக முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஸ்டியரிங் கல்லாக இறுகுகிறது. கொஞ்ச தூரம் போனதும் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடுகிறது. அவர் ஊரில் ஒருவர் ஸ்கேனரை மாட்டி, அதில் வந்த கோடை, அதாவது கோளாறு எண்ணை, அழித்து, விளக்கை அணைத்து அனுப்பியிருக்கிறார். மறுபடியும் எரிந்ததும் இன்னொருவர், பிரேக் மாட்யூல் செத்துவிட்டது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதற்கும் தலையாட்டிவிட்டு, முதலில் குளித்துவிட்டு வருவோம் என்று கிளம்பி வந்துவிட்டார்.

நானும் ஸ்கேனரை மாட்டினேன். இன்ஜின் மாட்யூலைக் கேட்டால், பிரேக் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்றது. ஸ்டியரிங்கைக் கேட்டாலும் அதே புகார். மீட்டர் போர்டைக் கேட்டாலும் அதே. பிரேக் மாட்யூலைக் கேட்டேன். அது பேசவே இல்லை.

உடனே உன் குரல் காதுக்குள் வந்துவிட்டது. மாட்யூல் என்றால் என்ன என்று தெரியாமல் விழிக்கிற வாடிக்கையாளரிடம் நீ சொல்வாயே, அதே ராகத்தில். "குடும்ப வாட்ஸ்அப் குரூப்பு மாதிரி சார். வண்டிக்குள்ள இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டியரிங்குக்கு ஒண்ணு. எல்லாரும் ஒரே ரெட்டைக் கம்பியில பேசிக்கிடுதாவ. ஒருத்தரு மட்டும் திடீர்னு பேசல. மத்தவங்க எல்லாம் அவரக் காணோமேன்னு கேக்காவ. அந்தக் கேள்விதான் சார் இந்த லைட்டு." கேட்டவர் சிரிப்பார். நீ சிரிக்காமல் அடுத்ததைச் சொல்வாய். "பேசலன்னதும் ஆளு செத்துட்டாம்னு முடிவு பண்ணக் கூடாது. கரண்டு இருக்கா, கம்பி இருக்கான்னு போய்ப் பாக்கணும்."

போய்ப் பார்க்க வேண்டும். எவ்வளவு லேசாகச் சொன்னாய்.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நீ கடையநல்லூர்க்காரர்கள் வழக்கப்படி வளைகுடாவுக்கு விமானம் ஏறினாய். நான் இங்கேயே டீசல் பம்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கார்களின் வயரிங்கையே கரைத்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "மாப்ளே, இனிமே ரிப்பேருன்னா ஒயருதான். ஒனக்கு இன்ஜினு, எனக்கு ஒயரு, சேந்து போடுவோம்" என்றாய். மேலகரம் ரோட்டில் தகரக் கூரை போட்டோம். ஒயரை நானும் உன்னோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட, உன்னிடம் ஏச்சு வாங்கிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

ஊரில் உன்னைப் பொறுமைசாலி என்கிறவர்கள் அந்தப் பழைய கார் தரகர் வந்த அன்று நம் ஷெட்டில் இருந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு காரை விற்க வேண்டும். வாங்குகிற ஆள் மதியம் பார்க்க வருகிறார். மீட்டரில் விளக்கு எரிகிறது. "ஒண்ணும் பாக்க வேண்டாம் பாய். கோடை மட்டும் அழிச்சு லைட்டை அணைச்சு விடுங்க, அது போதும்" என்றார். நீ தரையில் உட்கார்ந்து ஏதோ கனெக்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாய்.

"லைட்ட அணைச்சா நோவு போயிருமாவே?"

"நோவு இருந்தா வாங்குதவன் பாத்துக்கிடுவாம்."

"அவன் பிள்ளைகுட்டியோட இந்த வண்டியில செங்கோட்டை மலைப்பாதை ஏறுவாம். பிரேக்கு ஏன் பேசலன்னு அவனுக்குத் தெரியாண்டாமா? சாவிய எடும். எடுத்துட்டு வெளிய போரும்."

அவர் நின்றார். நீ எழுந்து, அவர் காரை நீயே பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்திவிட்டு வந்தாய். "கோடை அழிக்குதது வைத்தியம் இல்ல மாப்ளே, வாயப் பொத்துதது" என்றாய். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. நீதான் மறந்தாய்.

இருக்கட்டும். காருக்கு வருகிறேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் பாயிண்டில் தடை அளக்கிற கை மீட்டரை வைத்தேன். அந்த இரட்டைக் கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தடை வைத்திருப்பார்கள். இரண்டு முனையும் லைனில் இருந்தால் மீட்டர் அறுபது ஓம் காட்டும். ஒரு முனை அறுந்துபோயிருந்தால் நூற்றிருபது. இந்தக் காரில் அறுபதுதான் காட்டியது. வேறு யாராவது இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது, மாட்யூலைத்தான் மாற்ற வேண்டும் என்று எழுந்திருப்பார்கள். நான் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஏனென்றால் அந்த வாடையை மோந்து பார்க்கச் சொன்னவன் நீ.

நம் ஷெட்டுக்கு முதன்முதலாக அந்தக் கோளாறோடு வந்தது புனலூர்க்காரர் ஒருவரின் கார். வெயில் அடித்தால் சரியாக ஓடும், சாரல் விழுந்தால் விளக்கு எரியும். நாம் மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பானெட்டையும் கண்ணாடி ஓரத்தையும் தேடிக்கொண்டே இருந்தோம். ஓஸ் வைத்து அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நீ தலைகீழாக டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மாப்ளே, இது மழைத்தண்ணி இல்ல. ஐந்தருவித் தண்ணி."

"ருசி பாத்தியோ?"

"எண்ணெ வாடை அடிக்கி, மோந்து பாரு. குளிச்சிட்டு ஈரத்துணியோட அப்படியே சீட்டுல உக்காருதாம்லே. அத்தனையும் வடிஞ்சு கார்ப்பெட்டுக்கு அடியில நிக்கி."

கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு, தண்ணீர் குடித்த இட்லித் துணி போலக் கிடந்தது. அதற்குள் படுத்திருந்த ஒயர் ஜாயிண்ட் பச்சையாகக் களிம்பு பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு புதையல் கிடைத்தவன் போலச் சிரித்தாய். மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு போர்டு எழுத வைத்தாய். "அருவியில் குளித்தவர்கள் நன்றாகத் துவட்டிவிட்டுக் காரில் ஏறவும்." இன்றைக்கும் ஷெட் வாசலில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன் அடியில் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள், ஈரத்துணியோடு.

அதை நினைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தபடி டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டை முழங்கையால் அழுத்தினேன். அறுபது நூற்றிருபது ஆயிற்று. கையை எடுத்தேன், அறுபது. அழுத்தினேன், நூற்றிருபது. ஆள் உட்கார்ந்து கால் வைத்தால் லைன் அறுகிறது, எடுத்தால் சேர்கிறது. அவ்வளவுதான். மாட்யூலும் சாகவில்லை, ஒருவரும் சாகவில்லை. நடுவில் ஒரு ஜாயிண்ட் களிம்பு பிடித்துப்போய்க் கிடக்கிறது. இந்த முனைக்காரர் சொல்வது அந்த முனைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில், "மாப்ளே" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. வெல்டிங் செய்துகொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் எதிர்க் கடையிலிருந்து கார்க்காரர் வந்தார். ஒரு கையில் சோடா பாட்டில். இன்னொரு கையால் நடு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார், நெஞ்சைத் தேய்க்கீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. கேஸுதான்."

கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தேன்.

கேஸ்தான். போன வருஷம் சாரல் தொடங்கின நாளிலிருந்து நீ சொன்ன சொல். காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு நின்று நெஞ்சைத் தேய்ப்பாய், கேஸ்தான் மாப்ளே. படியேறினால் மூச்சு வாங்கும், கேஸ்தான். இடது தோள்பட்டை இழுக்கும், வாயு தோளுக்கு ஏறிட்டு. எதிர்க் கடையில் உப்பு போட்டு எலுமிச்சை சோடா. வீட்டில் பெருங்காயம் போட்ட மோர். ஏப்பம் வந்தால், "பாத்தியா, போயிட்டு" என்று என்னிடம் வெற்றி பெற்றவன் மாதிரி சொல்வாய். இந்தச் சீமையில் நெஞ்சில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான். அந்தப் பேரைச் சொல்லிவிட்டால் போதும், யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் கேட்டேன். கேட்டேன் என்பதை நீ இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை இல்லை. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே நின்றிருக்கிறேன். கடைசியில் ஒரு நாள் நீயாகவே சொன்னாய். "வீட்டுல பிடிவாதமா கூட்டிட்டுப் போயிட்டா மாப்ளே. ஈசிஜி எடுத்தாச்சு. எல்லாம் நார்மல். கேஸ்தானாம்." கண்ணைப் பார்த்துச் சொன்னாய். நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? மீட்டரில் ஐம்பத்தெட்டு என்று வந்தால் அறுபது என்று சொல்ல மறுக்கிறவன் நீ. எடுக்காத ரீடிங்கை எடுத்ததாக நீ சொல்வாய் என்று நான் எப்படி நினைப்பேன்?

தோள்பட்டை வலி விடவில்லை என்று ஒரு நாள் விடிகாலையில் குற்றாலத்துக்குப் போனாய், எண்ணெய் தேய்த்துக்கொள்ள. நன்றாக அமுக்கித் தேய்த்து அருவியில் நின்றால் வாயுப்பிடிப்பு விட்டுவிடும் என்று உன் கணக்கு. தேய்த்து முடித்து எழுந்தவன் அருவிக்கரையைச் சேரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உன் உடம்பெல்லாம் எண்ணெய். தூக்கப் பிடித்தால் வழுக்கியது. அந்த வாடைதான் இன்று காரைத் திறந்ததும் வந்தது.

அன்றைக்கே கடையநல்லூரில் உன்னை அடக்கம் செய்தார்கள். உன்னைச் சுமந்த சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நாள் குற்றாலத்துக்குப் போய் உனக்கு எண்ணெய் தேய்த்தவரைத் தேடிப் பிடித்தேன். நெஞ்சு வலிக்காரனைப் போட்டு எப்படி அமுக்கினீர் என்று சட்டையைப் பிடிக்கப் போனேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் சொன்னேன் அண்ணாச்சி. கையி வச்சதும் தெரிஞ்சுட்டு. ஒடம்பெல்லாம் பச்சத்தண்ணி மாதிரி வேர்க்கி, இது நம்ம வேலை இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். கேக்கல. கேஸ்தான்டே, நீ தேயின்னாவ."

அவரை என்ன செய்ய? இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். என் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன்.

அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது, மூன்றாம் நாள், உன் வீட்டில். நடு அறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளறைக் கதவில் திரை. இத்தனை வருஷத்தில் உன் மனைவியோடு நான் நேராகப் பேசியது ரொம்பக் கொஞ்சம். டீ திரைக்குப் பின்னாலிருந்து வரும், நீ வாங்கித் தருவாய். அண்ணனுக்குச் சீனி போதுமா என்று அவள் உன்னிடம் கேட்பாள். போதும் என்று நான் உன்னிடம் சொல்வேன். என் வீட்டிலும் அதே கதைதான். நீ வந்தால் என் மனைவி அடுக்களையை விட்டு வர மாட்டாள். சிநேகிதன் பெஞ்சாதியோடு நேரே பேசுவதும், போன் போடுவதும் நம் பக்கத்தில் வழக்கமில்லை. அவள் நம்பர் என்னிடம் இல்லை, என் நம்பர் அவளிடம் இல்லை. எது வேண்டுமென்றாலும் நடுவில் நீ.

அன்று முதன்முதலாக அவள் குரல் திரைக்குப் பின்னாலிருந்து எனக்கென்று வந்தது.

"அண்ணே, நீங்க அவுகள எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நானா?"

"ஈசிஜி எடுக்க. நான் போவோம் போவோம்னு உயிர எடுத்தேன். நீ வரண்டாம், மாப்ள கூட்டிட்டுப் போயிட்டாம், எல்லாம் நார்மலுன்னு சொன்னாவளே."

நீ அவளோடு போனதாகத்தான் என்னிடம் சொன்னாய் என்று எப்படியோ சொன்னேன். திரைக்குப் பின்னால் யாரோ சுவரில் சாய்ந்து கீழே உட்காருகிற சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு முனை. இரண்டு முனையும் நன்றாகத்தான் இருந்தோம். இரண்டு பேருமே கேட்டோம், இரண்டு பேருமே கத்தினோம். நடுவில் இருந்த கம்பியை அறுத்தவன் நீ. என்னிடம் அவள் பேரைச் சொல்லி என் விளக்கை அணைத்தாய். அவளிடம் என் பேரைச் சொல்லி அவள் விளக்கை அணைத்தாய். வாசலில் நின்ற தரகரை விரட்டினாயே, அந்த ஆள் செய்யச் சொன்னதை அப்படியே உன் வீட்டில் உட்கார்ந்து செய்தாய். அவர் ஒரு காரை விற்கத்தான் கேட்டார். நீ எதற்குச் செய்தாய்? பயமா? மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நோவு என்ற சொல் நுழையக் கூடாது என்றா? சாரல் மாதம், ஷெட் நிறைய கார் நிற்கிறது, படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்றா? எந்தக் காரணமாக இருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன்னை ஜாக்கி போட்டுத் தூக்கியாவது கொண்டுபோயிருப்பேன்.

இதெல்லாம் ஒரு விநாடியில் என் தலைக்குள் ஓடியது. எதிரே விருதுநகர்க்காரர் சோடாவைக் குடித்து முடித்து ஏப்பம் விட்டார்.

"சார், வண்டியில ஏறுங்க. என் வண்டியில. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவர் சிரித்தார். "அட, நேத்து நைட்டு பரோட்டா கொஞ்சம் ஜாஸ்தி தம்பி. அதுதான்."

"உங்க வீட்டம்மா நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நம்பர் சொல்லுங்கன்னேன்."

நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். கார்க்காரர் பயந்துபோய் நம்பரைச் சொன்னார். லாட்ஜில் இருந்த அந்த அம்மாளிடம் நானே பேசினேன். நான் யார் என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் நெஞ்சைத் தேய்க்கிறாரே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "ஊர்ல இருந்து கிளம்பினதுல இருந்தே தேய்க்கிறாரு. கேட்டா கேஸுங்கிறாரு" என்றார். நான் ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி ஆட்டோ பிடித்து வரச் சொன்னேன். இவர் பக்கம் திரும்பினேன்.

"உங்க வண்டி பேட்டரியக் கழத்திப் போட்டிருக்கேன். ஈசிஜி எடுத்தாத்தான் மாட்டுவேன். இல்லன்னா வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

தென்காசியில் ஆஸ்பத்திரி. அவரைப் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயர். கையில் ஒன்று, காலில் ஒன்று, நெஞ்சில் வரிசையாக. உள்ளே எது பேசுகிறது, எது பேசவில்லை என்று பார்க்கிற வேலை. நாம் தினமும் செய்கிற வேலையேதான். உனக்கு இதைப் பார்த்தாவது ஆசை வந்திருக்கக் கூடாதா? எந்த ஒயர் எங்கே போகிறது என்று அந்த நர்ஸைக் கேள்வி கேட்டே கொன்றிருப்பாய். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை பொய் சொன்னாய்?

ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் வந்து சேர்ந்து, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயதுக்காரர். சிரித்த முகமாக அந்த அம்மாளிடம் சொன்னார்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஹார்ட் நல்லா இருக்கு. கேஸ்தான்."

கேஸ்தான்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விருதுநகர்க்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல தம்பி" என்றார். நல்ல மனிதர்கள். அவர்களுக்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெளியே வந்து சாரலில் நின்றபோது எனக்கு மறுபடியும் உன் மேல் கோபம்தான் வந்தது. அவருக்கு உண்மையிலேயே கேஸ். பரோட்டா தின்ற கேஸ். அவர் சொன்ன அதே சொல்லைத்தான் நீயும் சொன்னாய். அவரும் சோடா குடித்தார், நீயும் குடித்தாய். அவர் இன்று மதியம் ஈரத்துணியோடு மறுபடியும் காரில் ஏறப் போகிறார். நீ எங்கே? சந்தேகம் என்றால் அளந்து பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அளக்காமலேயே உனக்கு நீ நார்மல் போட்டுக்கொண்டாயே. பாவி. அழுதேன். அடக்கம் செய்த அன்று வராதது அங்கே, ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து வந்தது.

போனை எடுத்து உன் மனைவியைக் கூப்பிட்டேன். நம்பர் இப்போது என்னிடம் இருக்கிறது. உனக்காக அவள் வீட்டோடு இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் முடிந்து கொஞ்ச நாளில், மூத்தவளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று அவளேதான் முதலில் கூப்பிட்டாள். யாரிடமோ கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து நேராகத்தான் பேசிக்கொள்கிறோம். இன்று நடந்ததை எல்லாம் சொன்னேன். பேட்டரியைக் கழற்றிப்போட்டு மிரட்டியதைச் சொன்னபோது சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவுககிட்டயும் இப்படி ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பாவளாண்ணே?"

"வந்திருக்க மாட்டாம்மா. இன்னொரு பொய்யச் சொல்லியிருப்பாம்."

"ஆமா" என்றாள். இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு அவளே கேட்டாள்: "நீங்க பிரஷர் மாத்திரை போட்டீங்களா? ரெண்டு நாளா போடலன்னு அக்கா சொல்லுதாவ."

அக்கா என்றால் என் மனைவி. உன் வீட்டுத் திரைக்கும் என் வீட்டு அடுக்களைக்கும் நடுவே இப்போது நேர் லைன் ஓடுகிறது. என் மாத்திரைக் கணக்கு கடையநல்லூருக்குப் போய், அங்கிருந்து ஏச்சாக எனக்குத் திரும்பி வருகிறது. உன் கடைக்குட்டி பள்ளிக்கூடத்தில் அடிவாங்கினால் அன்றே என் வீட்டில் தெரிகிறது. யாரும் யார் பேரையும் சொல்லி யார் வாயையும் பொத்த முடியாது.

ஷெட்டுக்கு வந்து மீதி வேலையை முடித்தேன். களிம்பு பிடித்த ஒயரைச் செம்பு பளபளக்கும் வரை வெட்டித் தள்ளி, பற்றவைத்து, உறை போட்டு, நனையாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். கார்ப்பெட்டை எப்படி அழுத்தினாலும் மீட்டர் அறுபதை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கோடை அழித்தேன். பிரேக் மாட்யூல் பேசியது. விருதுநகர்க்காரரைப் போர்டுக்குக் கீழே நிற்கவைத்து, இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லி அனுப்பினேன்.

இனி ஷெட்டில் எவன் நெஞ்சைத் தேய்த்தாலும் நான் அவனிடம் எதுவும் கேட்க மாட்டேன். அவன் வீட்டில் கேட்பேன். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். கோடை நம்பாதே, இரண்டு முனையிலும் போய்ப் பார். நீதான் சொல்லிக்கொடுத்தாய், காருக்கு. மனிதனுக்கும் அதுதான் என்பதை நீ செத்துக் காட்டினாய்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது லைன் சுத்தமாக இருக்கிறது மாப்ளே. நீ விட்டுக்கொடுத்திருந்தால், நீ உயிரோடு இருக்கும்போதே ஒரு போன் நம்பரில் முடிந்திருக்கும் வேலை அது. அந்த ஒரு நம்பரை நீ தரவில்லை. மற்ற எதையும் நான் மன்னித்துவிடுவேன், அதை மட்டும் மாட்டேன்.